எழுத்தாணி முதல் பந்துமுனை வரை

“எந்தப் பேனா நல்ல பேனா?” என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வகுப்பறையில் ஆசிரியர் கூறுவனவற்றை விரைந்து குறித்துக்கொள்ள ஒன்று வேண்டும். தேர்வு மண்டபத்தில் மூன்று மணி நேரம் கை ஓயாமல் எழுத ஒன்று வேண்டும். கையெழுத்தும் பார்ப்பதற்கு அழகாக அமைய வேண்டும். இம்மூன்றுக்கும் ஒரே பேனா பொருந்துமா என்பதுதான் அவர்களுடைய ஐயம். வினா சிறியது. ஆயினும் அதற்கு விடை காணப் புகுவோர் நெடியதொரு வரலாற்றினுள்ளே புகுந்தவர் ஆவர். எழுதுகோல் மாறிய போதெல்லாம் மனிதன் பெரும்பாலும் விரைவையே விலை கொடுத்து வாங்கியிருக்கிறான். அந்த விலையை எழுத்தின் அழகிலிருந்தோ, தெளிவிலிருந்தோ, நிலைபேற்றிலிருந்தோ எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்தக் கொடுக்கல் வாங்கல் கணக்கைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க எண்ணுகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘பேனா’ என்பது நம் மொழிச் சொல் அன்று. போர்ச்சுகீசியர் வழியாக வந்த சொல். அவர்கள் மொழியில் அதற்கு இறகு என்பது பொருள். பறவையின் இறகைச் சீவி எழுதியதால் கருவிக்கும் அப்பெயரே நிலைத்தது. தனித்தமிழ் அன்பர்கள் பேனாவுக்கு மாற்றாகத் ‘தூவல்’ என்ற சொல்லை வழங்கினர். தூவல் என்றாலும் இறகுதான்! இரும்பும் பொன்னும் ஞெகிழியும் கொண்டு பேனா செய்யத் தொடங்கிப் பல தலைமுறைகள் ஆன பின்னரும், இரண்டு சொற்களிலும் அந்தப் பறவை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் நம் முன்னோர் கையில் இருந்தது இறகு அன்று; எழுத்தாணி. பதப்படுத்திய பனையோலையை இடக்கையில் பிடித்துக்கொள்வர். வலக்கையில் எழுத்தாணியைப் பற்றுவர். இடக்கைப் பெருவிரல் நகத்தில் சிறு பள்ளம் ஒன்று செய்து, அதில் ஆணியின் முனையைச் சார்த்திக்கொள்வதும் உண்டு. எழுத எழுத, ஆணி நகர்வதைவிட ஓலையே மிகுதியாக இடப்பக்கம் நகரும். மேசை வேண்டியதில்லை; மைக்கூடு வேண்டியதில்லை. எழுத்தாணியிலும் வகைகள் இருந்தன. தலைப்பக்கம் கனத்துக் குண்டாக இருப்பது குண்டெழுத்தாணி. ஓலையை வாருவதற்கு ஏற்ற அலகு ஒரு முனையில் அமைந்தது வாரெழுத்தாணி. கத்தியும் ஆணியுமாக மடித்து வைத்துக்கொள்ளத் தக்கது மடக்கெழுத்தாணி. மேல்நாட்டார் இறகு சீவுவதற்கென்று ஒரு சிறு பேனாக்கத்தியை எப்பொழுதும் உடன் வைத்திருந்தனர். நம் கருவியிலோ கத்தி கருவியோடு சேர்ந்தே இருந்தது.

ஆணியால் எழுதுவது கீறுவது. கீறிய கோட்டில் நிறம் இராது. ஆகவே எழுதி முடித்த பின்னர் ஓலையின்மீது விளக்குக் கரியையோ, கோவையிலைச் சாற்றையோ, வேறு பச்சிலைச் சாற்றையோ தடவித் துடைப்பர். கீறலுக்குள் கரி தங்கும், மேற்பரப்பு தூய்மையாகும், எழுத்துக் கண்ணுக்குப் புலனாகும்.

ஓலையில் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. அந்நரம்பின் வழியே நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியக்கூடும். இதனால்தான் தென்னாட்டு எழுத்துகள் வட்ட வடிவம் பெற்றன என்று பலரும் கூறுவர். இதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை என்று கொள்வதற்கில்லை. ஒடியா எழுத்தின் வளைந்த தலையையும், பழைய வட்டெழுத்தையும் பார்க்கும்போது இக்கூற்றுப் பொருத்தமாகத் தோன்றுகிறது. நம்முடைய ட, ப, ம ஆகியவற்றைப் பாருங்கள்! அவை நேர்க்கோடும் மூலையுமாகவே இன்றளவும் நிற்கின்றன. ஓலை எழுத்தை வளைத்தது உண்மையே. எல்லா எழுத்தையும் அதனால் வளைக்க முடியவில்லை.

ஓலை செய்த பெரிய தீங்கு வேறு. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்றும், எகரமும் ஒகரமும் அவ்வாறே புள்ளி பெறும் என்றும் தொல்காப்பியம் விதித்திருக்கிறது. விதி இருந்தும் என்ன பயன்? புள்ளி வைப்பதென்றால் ஆணியின் முனையை ஓரிடத்தில் அழுத்த வேண்டும். அழுத்தினால் மெல்லிய ஓலை துளைபடும். ஆகவே ஓலையில் எழுதினோர் புள்ளியை விட்டுவிட்டனர். ‘கப்பல்’ என்பதைக் ‘கபபல’ என்று எழுதினர். படிப்பவர் சொல்லை அறிந்தவரானால் இடர் இல்லை. அறியாத சொல்லானால்?

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். ஓலைச்சுவடியில் கொம்பு ஒன்றே. குறிலுக்கும் நெடிலுக்கும் அதுதான். காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். ஆகவே ஏட்டில் ‘தெர’ என்ற வடிவைக் கண்டால், அதைத் ‘தெர’ என்று படிக்கலாம். ‘தேர்’ என்று படிக்கலாம். ‘தேர’ என்றும் படிக்கலாம். அன்றித் ‘தொ’ என்றோ ‘தோ’ என்றோ கொள்ளவும் இடம் உண்டு. ஒரே வடிவுக்கு ஐந்து படிப்பு! இவற்றுள் எது புலவன் எழுதியது என்பதை முன்னும் பின்னும் பார்த்து, யாப்பையும் பொருளையும் கொண்டு துணிய வேண்டும். 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்ட உ. வே. சாமிநாதையர் பட்ட பாட்டில் ஒரு பெரும் பகுதி இத்தகையது. சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்தது ஒரு துன்பம். கிடைத்த சுவடியில் எழுத்து என்னவென்று துணிவது மற்றொரு துன்பம். ஒரு சிறு புள்ளியை எழுதுகோல் தாங்காமல் போனதன் விலையைப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பதிப்பாசிரியர் கொடுக்க நேர்ந்தது.

இக்குழப்பத்தில் ஒரு பகுதியை நீக்கியவராக வீரமாமுனிவரைக் கூறுவர். இத்தாலி நாட்டிலிருந்து வந்து, 1730ஆம் ஆண்டளவில் ‘தொன்னூல் விளக்கம்’ இயற்றி, 1747இல் மறைந்த அப்பெரியார், எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் புள்ளியின் துணையின்றியே வேறுபடுத்திக் காட்டும் வடிவங்களை வகுத்தார். இன்று நாம் எழுதும் ஏகாரத்தின் கீழ்க்கோடும், ஓகாரத்தின் சுழியும், இரட்டைச் சுழிக் கொம்பும் அவ்வழி வந்தவை. புள்ளி வைக்க முடியாத கருவிக்கு ஏற்பச் சுழியால் வேறுபாடு காட்டியது எவ்வளவு நுட்பமான சிந்தனை என்பதை எண்ணிப் பாருங்கள். பின்னர் அச்சும் காகிதமும் பரவிய பொழுது, மெய்யெழுத்தின் புள்ளி தன் பழைய இடத்தில் மீண்டும் வந்து அமர்ந்தது.

நம் நாட்டில் ஓலையைக் கீறிக்கொண்டிருந்த நூற்றாண்டுகளில், மேற்றிசையில் மை தொட்டு எழுதும் வழக்கம் நிலவியது. எகிப்தியரும் கிரேக்கரும் நாணலைச் சீவி எழுதினர். ‘கலம்’ என்று வடநாட்டில் வழங்கும் சொல்லும் அந்த நாணற் பேனாவைக் குறித்து அரபு மொழி வழியாக வந்ததே. ஏறத்தாழ 6, 7ஆம் நூற்றாண்டுகளிலிருந்து ஐரோப்பாவில் இறகு மேலோங்கியது. வாத்தின் பெரிய சிறகிலிருந்து இறகைப் பறித்து, சூட்டில் வைத்துக் கெட்டியாக்கி, முனையைச் சாய்வாகச் சீவி, நடுவே ஒரு பிளவு இடுவர். வலக்கையால் எழுதுவோருக்கு இடச்சிறகின் இறகே ஏற்றது என்று தேர்ந்தெடுப்பர். அதன் வளைவு கண்ணை மறைக்காமல் வெளிப்புறமாகச் செல்லும். அந்தப் பிளவுதான் பேனாவின் உயிர். இரண்டு பரப்புகளுக்கிடையே மிக நுண்ணிய இடைவெளி இருந்தால், நீர்ப்பொருள் தானே அதனுள் இழுபட்டுச் செல்லும். நுண்புழை ஈர்ப்பு என்று அறிவியலார் கூறுவது இதனையே. மை பிளவின் வழியே இறங்கி, தாளைத் தொட்டவுடன் தாளின் இழைகளால் உறிஞ்சப்படுகிறது. எழுதுபவர் கை அழுத்த வேண்டியதில்லை; தொட்டால் போதும்.

ஆனால் இறகு விரைவில் தேயும். சில பக்கங்கள் எழுதிய பின் மீண்டும் சீவ வேண்டும். நன்றாகச் சீவத் தெரிந்தவர் எழுத்து நன்றாக இருக்கும். ஏனையோர் எழுத்துக் கிறுக்கலாகும். எழுதத் தெரிவதற்கு முன்னால் கத்தி பிடிக்கத் தெரிய வேண்டும் என்ற நிலை. இந்நிலையை மாற்றியது இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். 1820களில் ஜான் மிட்செல், அவரை அடுத்து ஜோசையா மேசன், ஜோசப் கில்லட் ஆகியோர் எஃகுத் தகட்டை அச்சிலிட்டு வெட்டி, பேனாமுள்ளைப் பொறிகளால் ஆயிரக்கணக்கில் செய்யத் தொடங்கினர். முன்னர் விலையுயர்ந்த பொருளாக இருந்த எஃகு முள், சில ஆண்டுகளுக்குள் ஏழைப் பள்ளிச் சிறுவனும் வாங்கத் தக்க மலிவுக்கு வந்தது. எழுதுவதற்குக் கத்தி வித்தை தேவையில்லை என்று ஆன அந்த நாளை, அச்சுப்பொறிக்கு அடுத்தபடியாகக் கல்வி வரலாற்றில் குறிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் வரலாற்று நூல்கள் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. சிறு பொருள்களின் கதி அதுதான் போலும்.

இந்த முள்ளைக் கட்டையில் செருகினால் கட்டைப் பேனா. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் நம் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதியது இப்பேனாவினாலேயே. கூரிய முள் எஃகாதலால் வளைந்து கொடுக்கும். கீழ்நோக்கி இழுக்கும்போது சற்று அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும். மேல்நோக்கிச் செல்லும்போது தளர்த்தினால் மயிரிழைபோல் மெலியும். பழைய பத்திரங்களில் காணும் ஆங்கிலக் கையெழுத்தின் தடிப்பும் மெலிவும் இவ்வாறு பிறந்தவை.

இந்த வேறுபாட்டை அழகுக்காக மட்டும் பயன்படுத்தவில்லை என்பது வியப்பான செய்தி. ஐசக் பிட்மன் என்ற ஆங்கிலேயர் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையில், ஒரே சாய்கோடு மெலிதாக இருந்தால் ஓர் ஒலி. தடிப்பாக இருந்தால் அதற்கு இணையான மற்றோர் ஒலி. ஆங்கிலத்தில் ‘பின்’ என்பதன் முதல் எழுத்து மெல்லிய கோடு. ‘பால்’ என்று பந்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து அதே திசையில் தடித்த கோடு. வளைந்து கொடுக்கும் முள்ளை நம்பியே அந்த முறை வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் எங்கும் ஒரே தடிப்பாக எழுதும் பேனா பெருகிய பொழுது பிட்மன் முறை கற்றவர்கள் இடர்ப்பட்டார்கள். 1888இல் வெளிவந்த கிரெக் முறையோ கோட்டின் நீளத்தைக் கொண்டே ஒலிகளை வேறுபடுத்தியது. அதற்கு எந்தப் பேனாவும் பொருந்தும். குறிப்பெடுப்பதற்கென்றே தோன்றிய ஒரு கலையின் வாழ்வும் தாழ்வும் முள்ளின் வளைவைப் பொறுத்திருந்தது என்றால், பேனாவைச் சிறு பொருள் என்று எவ்வாறு தள்ளுவது?

கட்டைப் பேனாவுக்குப் பகைவர் இருவர். முதலாவது, அதனுடைய மையே. ஐரோப்பாவில் கருவாலி மரத்தின் காய்போன்ற புடைப்புகளையும், நம் நாட்டில் கடுக்காயையும் கொதிக்க வைத்து, அதனோடு அன்னபேதியைச் சேர்த்து மை செய்தனர். எழுதும்போது வெளிறித் தோன்றும், காற்றுப் பட்ட பின் நாளுக்கு நாள் கறுக்கும், தாளைக் கவ்விக்கொள்ளும். எளிதில் அழியாத மை இது. ஆனால் இதன் புளிப்பு எஃகை அரித்துவிடும். பல நூற்றாண்டுகள் கழிந்தால் தாளையும் அரிக்கும். ஐரோப்பிய ஆவணக் களரிகளில் எழுத்து இருந்த இடம் ஓட்டையாகிப் போன ஏடுகள் உண்டு. இரண்டாவது பகைவன், தொட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கட்டாயம். சில சொற்களுக்கு ஒரு முறை கை மைக்கூட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். அவ்வாறு போய்த் திரும்பும் நேரத்தில் பேச்சாளர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவார்.

மையைப் பேனாவுக்குள்ளேயே அடைத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் பழையது. பாரிஸ் நகரில் மாணவராக இருந்த ருமேனியர் பெட்ராக்கே போயெனாரு 1827இல் அத்தகைய பேனா ஒன்றுக்குப் பிரெஞ்சு அரசின் காப்புரிமை பெற்றார். ஆயினும் ஒரு சிக்கல் தீரவில்லை. கூட்டிலிருந்து மை வெளியே வர வேண்டுமானால், அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். காற்றுப் போகாவிட்டால் மை வராது. மிகுதியாகப் போனால் மை கொட்டிவிடும். 1884இல் நியூயார்க்கைச் சேர்ந்த லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற பேனாவில், முள்ளுக்கு அடியில் உள்ள நாக்கில் நுண்ணிய கீறல்கள் அமைத்து, மை இறங்குவதும் காற்று ஏறுவதும் ஒன்றையொன்று அளந்து நடைபெறும்படி செய்தார். அவர் காப்பீட்டு முகவர் என்றும், முக்கியமான ஒப்பந்தத்தில் மை கொட்டியதால் வணிகத்தை இழந்தார் என்றும் ஒரு கதை சொல்வர். விளம்பரத்துக்கு ஏற்ற கதை. சான்று கேட்டால் கிடைப்பதில்லை. கதையை விட்டுவிடுவோம். பேனா பயன்பட்டது என்பது உண்மை. எஃகு அரிபடும் என்பதால் பொன்னால் முள் செய்து, பொன் மென்மையாகத் தேயும் என்பதால் அதன் நுனியில் இரிடியம் போன்ற கடின உலோகத்தின் சிறு மணியைப் பற்றவைத்தனர். இதுவே ஊற்றுப்பேனா.

ஊற்றுப்பேனா நம் நாட்டில் ஓர் அரசியற் பொருளாகவும் ஆயிற்று. காந்தியடிகள் நாணற் பேனாவையும் நாட்டு மையையும் விரும்பியவர். தமது கையெழுத்து நன்றாக இல்லை என்பதற்காக அவர் வருந்தியதைச் ‘சத்திய சோதனை’ படித்தவர் அறிவர். இளமையில் அழகிய கையெழுத்துக் கல்வியின் பகுதி அன்று என்று எண்ணியிருந்ததாகவும், தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞர்களும் இளைஞர்களும் எழுதிய அழகிய எழுத்தைக் கண்டு நாணியதாகவும், திருத்திக்கொள்ள முயன்றபோது காலம் கடந்துவிட்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த இராஜமுந்திரியில், கே. வி. ரத்னம் என்பவர் உள்நாட்டிலேயே ஊற்றுப்பேனா செய்ய முனைந்தார். 1930களில் அவர் செய்த பேனாவைக் காந்தியடிகள் எழுதிப் பார்த்து, அங்காடியில் விற்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு அது தக்க மாற்றாகத் தோன்றுகிறது என்று கடிதம் எழுதினார். ஒரு பேனாவைச் செய்வதும் நாட்டுத் தொண்டாக இருந்த காலம் அது.

இனிப் பந்துமுனைக்கு வருவோம். உருளும் குண்டின் வழியே மையைப் பூசலாம் என்ற கருத்துக்கு 1888ஆம் ஆண்டிலேயே ஜான் லவுட் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றுவிட்டார். தோலின்மீது குறியிடுவதற்கு அது உதவியது; தாளில் எழுத உதவவில்லை. ஐம்பது ஆண்டுகள் அக்கருத்து உறங்கிக் கிடந்தது. அங்கேரி நாட்டில் இதழாசிரியராக இருந்த லாஸ்லோ பீரோ, செய்தித்தாள் அச்சிடும் மை உடனே உலர்ந்துவிடுவதையும், தம் ஊற்றுப்பேனாவின் மை ஈரமாய் நின்று இழுபடுவதையும் கண்டார். அச்சு மையைப் பேனாவில் ஊற்றினார். அது கெட்டியாக இருந்ததால் முள்ளில் இறங்கவில்லை. முள்ளே வேண்டாம், உருளும் குண்டு போதும் என்ற முடிவுக்கு வந்தார். வேதியியல் அறிந்த அவருடைய சகோதரர் கியோர்கி மைக்கான கலவையை வகுப்பதில் துணை நின்றார். 1938இல் காப்புரிமை கோரினர். யூதக் குடும்பத்தினராதலால் ஐரோப்பாவில் சூழ்ந்த கொடுமைக்குத் தப்பி அர்ஜெண்டினாவில் குடியேறி, 1943இல் அங்கே புதிய காப்புரிமை பெற்றனர். உயரே பறக்கும்போது ஊற்றுப்பேனாவின் மை கசியும், பந்துமுனை கசியாது. ஆகவே பிரிட்டனின் விமானப்படை அதை விரும்பி ஏற்றது. பீரோ பிறந்த செப்டம்பர் 29ஆம் நாளை அர்ஜெண்டினா கண்டுபிடிப்பாளர் நாளாகப் போற்றுகிறது.

1945ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், நியூயார்க்கின் கிம்பெல்ஸ் அங்காடியில் மில்டன் ரெனால்ட்ஸ் என்ற வணிகர் தம்முடைய பந்துமுனைப் பேனாவைப் பன்னிரண்டரை டாலர் விலையில் விற்பனைக்கு வைத்தார். முதல் நாளிலேயே ஆயிரக்கணக்கில் விற்றன. பேனாவோ நல்ல பேனா அன்று. மை ஒழுகியது, விட்டுவிட்டு எழுதியது. வாங்கியவர் பலர் திருப்பிக் கொடுத்தனர், விலை சரிந்தது. மலிவும் நம்பிக்கையும் ஒருங்கே வந்தது 1950இல் பிரான்சின் மார்செல் பிஷ் வெளியிட்ட ‘பிக் கிறிஸ்டல்’ பேனாவால். பென்சில் போன்ற அறுகோண உடல். மை எவ்வளவு மீதி என்று கண்ணுக்குத் தெரியும். உடலின் நடுவே காற்றழுத்தம் சமப்படுவதற்கு ஒரு சிறு துளை. 1961 முதல் அதன் குண்டை டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் செய்தனர். நம் மாணவர் பல தலைமுறையாகக் கண்ட, வெள்ளை உடலும் நீல மூடியும் கொண்ட ‘ரெனால்ட்ஸ் 045’ பேனாவின்மீது ‘கார்ப்யூர்’ என்று அச்சிட்டிருக்கும். அந்தப் பிரெஞ்சுச் சொல் குறிப்பதும் இக்கார்பைடையே.

பந்துமுனையின் இயல்பை நன்கு அறிந்துகொண்டால் நம் வினாவுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். ஊற்றுப்பேனாவில் மை தானே இறங்குகிறது. பந்துமுனையில் குண்டு உருண்டால்தான் மை வரும், தாளோடு உராய்ந்தால்தான் குண்டு உருளும், அழுத்தினால்தான் உராயும். ஆகவே கை அழுத்தியே எழுதுகிறது. பேனாவைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடிக்கும் பழக்கமும் அதனால் வருகிறது. மூன்று மணி நேரத் தேர்வின் முடிவில் விரல் வலிப்பது ஏன் என்பது இப்பொழுது விளங்கும். கோட்டில் தடிப்பும் மெலிவும் இல்லை. எழுத்தின் அழகு கெட்டது என்று ஆசிரியர்கள் முறையிட்டது வெறும் பழமைப் பற்று அன்று. பிரான்சு நாட்டின் பள்ளிகளில் பந்துமுனையைப் பயன்படுத்தலாம் என்று கல்வி அமைச்சகம் இசைந்தது 1965இல்தான்; அதுவும் ‘பிக் கிறிஸ்டல்’ பிறந்து வளர்ந்த நாட்டில்!

ஆனால் அழுத்தமே அதன் வலிமையும் ஆகும். கீழே கரித்தாள் வைத்து இரண்டு மூன்று படிகள் எடுக்க ஊற்றுப்பேனாவால் ஆகாது. கடைப் பற்றுச்சீட்டு முதல் அலுவலகப் படிவம் வரை பந்துமுனை புகுந்ததற்கு இது ஒரு பெருங்காரணம். மேல்தாளில் எழுதியதன் பதிவு அடித்தாளில் பள்ளமாகத் தங்குவதால், கிழித்தெறிந்த தாளின் செய்தியைக்கூடத் தடய அறிவியலார் அடித்தாளிலிருந்து படித்துவிடுகின்றனர்.

தமிழ் எழுதுவோருக்கு இதில் தனிச் செய்தி ஒன்று உண்டு. முள்ளை இழுக்கலாம், தள்ள முடியாது. மேல்நோக்கித் தள்ளினால் தாளைக் குத்தும், மையைத் தெறிக்கும். நம்முடைய ண, ஐ, ழ ஆகிய எழுத்துகளில் சுழி எல்லாத் திசையிலும் திரும்புகிறது. குண்டுக்குத் திசை என்பதே இல்லை. எப்பக்கமும் ஒன்றுபோல் உருளும். அழுத்திக் கீறுவது, எங்கும் ஒரே தடிப்பாகச் செல்வது, எத்திசையும் திரும்புவது என்ற மூன்று இயல்பையும் சேர்த்துப் பார்த்தால், பந்துமுனைக்கு உறவு இறகுப்பேனா அன்று, எழுத்தாணியே என்று எனக்குத் தோன்றுகிறது. வேறுபாடு ஒன்றுதான். இது புள்ளி வைக்கும்!

அடுத்து வந்தது ஜெல் பேனா. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1984இல் இதனை வெளியிட்டது. நிறத்துகள்கள் நீரில் மிதக்க வேண்டும். அடியில் படியவும் கூடாது. குண்டின் வழியே எளிதாக இறங்கவும் வேண்டும். சாந்தன் கோந்து என்ற பொருளால் இதைச் சாதித்தனர். அசையாதபோது கெட்டியாகவும், குண்டு உருண்டு கலக்கும்போது நீர்த்தும் போவது அதன் இயல்பு. அழுத்தம் குறைவாகவே வேண்டும். நிறம் அடர்த்தியாக இருக்கும். ஆனால் மை விரைவில் தீரும். உலரச் சில நொடிகள் ஆகும். இடக்கையால் எழுதும் மாணவர் எழுதிய வரியின்மீதே கையை இழுத்துச் செல்வதால், அவர் விரலில் பாதி வரி ஒட்டிக்கொள்ளும்.

இப்பொழுது மாணவர் வினாவுக்கு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்தைச் சீர்செய்ய விரும்புவோர் நாள்தோறும் ஒரு பக்கம் ஊற்றுப்பேனாவால் எழுதட்டும். அது விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. அழுத்தாமல் எழுதக் கைக்குக் கற்பிக்கும் பேனா அதுவே. அழுத்தினால் முள் கெட்டுவிடும் என்ற அச்சமே நல்லாசிரியர். வகுப்பில் விரைந்து குறிப்பெடுக்க, அரை மில்லிமீட்டர் அல்லது சற்றுப் பெரிய குண்டுள்ள ஜெல் பேனாவோ, மை மெல்லியதாக இறங்கும் பந்துமுனையோ போதும். மெல்லிய, மலிவான தாளில் ஊற்றுப்பேனாவின் மை மறுபக்கம் ஊறும். ஆகவே பேனாவைத் தேர்வதற்கு முன் நோட்டுப் புத்தகத்தின் தாளைத் தொட்டுப் பாருங்கள். விடைத்தாளில் வட்டம் நிரப்பும் போட்டித் தேர்வுகளில் பந்துமுனையே வேண்டும் என்று விதிக்கிறார்கள். அங்கே நம் விருப்பத்துக்கு இடமில்லை. நீண்ட விடை எழுதும் தேர்வுக்கு எந்தப் பேனாவைக் கொண்டுபோனாலும், அதனோடு சில வாரங்களாவது பழகிவிட்டுச் செல்லுங்கள். தேர்வு நாளன்று புதுப் பேனா வாங்கி மஞ்சள் தடவி எடுத்துச் செல்வோரைக் கண்டிருக்கிறேன். பேனாவுக்கு மங்கலம் உண்டாயிற்று. கைக்குப் பழக்கம் உண்டாகவில்லை.

குறிப்புகள் நீடித்திருக்க வேண்டும் என்று எண்ணுவோர் மையையும் கருத வேண்டும். பள்ளி மாணவருக்கென்று விற்கும் நீல ஊற்றுமை துணியில் பட்டால் கழுவிப் போகும்படி செய்யப்பட்டது. மழையில் நனைந்தால் குறிப்பும் அவ்வாறே கழுவிப் போகும். பந்துமுனையின் எண்ணெய் மை தண்ணீருக்கு அஞ்சாது, வெயிலுக்கு அஞ்சும். அதிலுள்ள சாயம் ஒளி பட்டால் வெளிறும். நிறத்துகள் கொண்ட கருப்பு ஜெல் மை, உலர்ந்த பின் நீரையும் ஒளியையும் பெரும்பாலும் தாங்குகிறது. அன்னபேதி மை இரண்டையும் தாங்கும். ஆனால் அது தாளையே தின்பதை முன்னர்க் கண்டோம்.

சுவடி நூலகங்களில் பணிபுரிவோர் பழைய ஏடு ஒன்றை எடுக்கும்போது, அதன் எழுத்துப் பெரும்பாலும் மங்கியே இருக்கும். மென்மையான தூரிகையால் தூசு தட்டுவர். புல்தைல எண்ணெயைத் தடவி ஓலையை இளக்குவர். பின்னர் கரியைப் பூசி, துணியால் துடைத்து எடுப்பர். நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு முன் கீறிய எழுத்து, அன்று எழுதியதுபோல் மீண்டும் கறுத்துத் தோன்றும். மை போனாலும் கீறல் போகவில்லை. அந்த எழுத்தைத் ‘தெர’ என்று படிப்பதா, ‘தேர்’ என்று படிப்பதா என்ற ஐயம் மட்டும் அங்கே இன்னும் இருக்கிறது.